பன்னிரண்டு முறை திருப்பப்பட்ட கல்யாணம்

அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். துறைமுகத்தில் முப்பத்தாறு வருஷம் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்ற ஆவுடையப்பன். அவர் மனைவி உலகம்மாள். முப்பத்தொரு வயதான ஒரே மகள் செண்பகவல்லி. அவள் கட்டிக்கொள்ள விரும்பிய செந்தூரன். செந்தூரனின் தகப்பனார், உப்பள முதலாளி நம்பிராஜன். ‘இணைமனை’ நிறுவனத்திலிருந்து அறிக்கையோடு வந்திருந்த ரோஸ்லின். நம்பிராஜனின் மனைவி மூட்டுவலி காரணமாக வரவில்லை. இவர்களைத் தவிர வேறு எவராவது தானும் அங்கே இருந்ததாகச் சொன்னால், அவர் அந்த நேரத்தில் தூத்துக்குடியில் எங்கு வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். அந்தக் கூடத்தில் இல்லை.

நம்பிராஜன் ஆவுடையப்பனின் வீட்டுப் படியை மிதித்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அவரை உட்காரச் சொன்னவள் உலகம்மாள். ஆவுடையப்பன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பொதுவான சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் நடந்தது அது. முதல் பந்தி. இலை போட்டாயிற்று, தண்ணீர் தெளித்தாயிற்று, உப்பும் வைத்தாயிற்று. பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்த நம்பிராஜன், யாரோ பெரிய அதிகாரி வந்துவிட்டார் என்று பதறிப்போய், ஆவுடையப்பனின் தோளைத் தொட்டு, “அண்ணாச்சி, அடுத்த பந்தியில உக்காந்துக்கிடுதியளா?” என்று கேட்டுவிட்டார். ஆவுடையப்பன் எழுந்தார். அடுத்த பந்தியில் உட்காரவில்லை; நேரே வீட்டுக்கு வந்து பழைய சோறு சாப்பிட்டார். மறுவருஷம் நம்பிராஜனின் தாயார் காலமானார். ஊரே துட்டி கேட்கப் போயிற்று. ஆவுடையப்பன் போகவில்லை. பந்தியிலிருந்து எழுப்பியது பெரிய அவமானமா, இழவு வீட்டுக்குப் போகாதது பெரிய அவமானமா என்று சொந்தக்காரர்கள் இன்றுவரை முடிவுக்கு வரவில்லை. சம்பந்தப்பட்ட இருவருக்கும் அதில் சந்தேகமே இருந்ததில்லை. ஆளுக்கு ஒரு முடிவு வைத்திருந்தார்கள்.

இந்த லட்சணத்தில் அந்த வீட்டுப் பையனும் இந்த வீட்டுப் பெண்ணும் பெங்களூரில் ஒரே அலுவலகத்தில் வேலைபார்த்து, கட்டினால் இவரைத்தான், இவளைத்தான் என்று நின்றார்கள்.

மூன்று மாதங்களுக்கு முன்னால் செண்பகவல்லிதான் அந்தப் பேச்சை எடுத்தாள்.

“அப்பா, ஜாதகம் பாத்தாச்சு, பொருந்தியிருக்கு. நீங்க அதுக்கும் மசியல. இப்ப எல்லாரும் பாக்காவல்லா, அந்த மெஷினையும் பாத்துருவோம்.”

“கல்யாணத்துக்கு என்னட்டி மெஷினு?”

விளக்கம் சொல்ல ரோஸ்லின் வந்தாள். கடலோரத் திரேஸ்புரத்துப் பெண், கூச்சமில்லாமல் பேசினாள்.

“மெஷின்னா கையால தொடுத மாதிரி ஒண்ணும் கிடையாதுங்க ஐயா. சென்னைக்குப் பக்கத்துல ஒரு கட்டடம் நிறைய கம்ப்யூட்டர் ஓடுது. அதுக்குள்ள மெய்நிகர் இயந்திரம்னு ஒண்ணு உண்டாக்கி, அதுல உங்க ரெண்டு குடும்பத்தையும் குடிவைப்போம். கல்யாணம் முடிஞ்ச நாள்ல இருந்து அது ஓட ஆரம்பிக்கும். இங்க ஒரு நாள்னா அங்க ரெண்டு மாசம். நீங்க உங்க வீட்டு டெஸ்க்டாப்ல இருந்தே ஜன்னலைத் திறந்து பாக்குத மாதிரி பாத்துக்கிடலாம். பாக்கும்போது மட்டும் நம்ம வேகத்துல ஓடும்.”

“அங்க இருக்கப்போறது நானா?”

“உங்க பேச்சு, உங்க எழுத்து, நாங்க எடுக்கிற மூணு நாள் பேட்டி, எல்லாத்தையும் வச்சுச் செஞ்ச நீங்க.”

“சாய்ஞ்சு உக்காருவானா?”

“மாட்டாருங்க ஐயா. அதை நாங்களே கவனிச்சிட்டோம்.”

நாற்காலியில் ஒருநாளும் சாய்ந்து உட்காராத ஆவுடையப்பனுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

நிபந்தனைகளைச் செண்பகவல்லி சொன்னாள். மொத்தம் தொண்ணூறு நாள். கல்யாண நாளில் தொடங்கி இயந்திரம் ஒரு தடவை ஓடுவது ஓர் ஓட்டம். ஏதாவது ஓர் ஓட்டத்தில் கல்யாணம் கலையாமல் மூன்று வருஷத்தைத் தொட்டுவிட்டால் நிறுவனம் சான்றிதழ் தரும். அதற்குப் பிறகு இரண்டு அப்பாக்களும் மறுவார்த்தை பேசக் கூடாது. தொடாவிட்டால் அவளும் செந்தூரனும் விலகிக்கொள்வார்கள். ஆக்லாந்தில் அவளுக்கு ஒரு வேலை காத்திருந்தது, அதற்குப் போய்விடுவாள்.

“சொன்ன சொல்லு மாறமாட்டியே?” என்றார் ஆவுடையப்பன்.

“நான் யாரு மக?” என்றாள் அவள். அவருக்கு அதுவும் பிடித்திருந்தது.

ரோஸ்லின் கிளம்புமுன் இரண்டு விஷயங்களைச் சொன்னாள். ஒரு நேரத்தில் ஒரு வீட்டார்தான் உள்ளே இருக்கலாம். அடுத்தவர் நுழைந்தால் முன்னால் இருந்தவர் தானாக வெளியே தள்ளப்படுவார். இன்னொன்று, திரையின் மூலையில் ஒரு பொத்தான். தப்பாக எதையாவது தட்டி இயந்திரம் குழம்பிவிட்டால் அதை அழுத்தலாம். கல்யாண நாளன்று பிடித்து வைத்த நிலைக்கே எல்லாம் திரும்பிவிடும். அழுத்தும்போது காரணம் எழுதவேண்டும்.

“அதுக்கெல்லாம் வேலை இருக்காதுங்க ஐயா. சும்மா ஒரு பாதுகாப்புக்கு.”

ஆவுடையப்பன் தினமும் காலையில் குளித்து, திருநீறு இட்டு, சட்டை போட்டுக்கொண்டு டெஸ்க்டாப்பின் முன் உட்கார்ந்தார். தன்னைத் தானே பார்க்கப்போகிறபோது பனியனோடு உட்காருவது சரியாகப் படவில்லை.

முதல் மூன்று நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. இயந்திரத்துச் செண்பகவல்லியும் செந்தூரனும் மாடி வீடு ஒன்றில் குடியிருந்தார்கள். சண்டை போட்டார்கள், சேர்ந்து பாத்திரம் கழுவினார்கள். இயந்திரத்து ஆவுடையப்பன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பத்திரிகையில் எழுத்துப் பிழைகளை வட்டமிட்டார். அசலே தோற்றது என்று இவர் மெச்சிக்கொண்டார்.

நாலாம் நாள் அந்த ஆள் வெள்ளை வேட்டி எடுத்து உடுத்தினார். “எங்க?” என்று கேட்ட இயந்திரத்து உலகம்மாளிடம், “நம்பி வீட்டுக்கு. பிள்ளை மாசமா இருக்கா. வளைகாப்புக்கு அவுக வந்து நிக்கணும்லா. துட்டிக்குப் போகாதது எந் தப்புதான். போய்ச் சொல்லிட்டு வந்துருதேன்,” என்றார்.

அந்த ஆள் ஏறிய ஆட்டோ நம்பிராஜனின் தெருமுனை திரும்புவதற்குள் ஆவுடையப்பன் மூலையில் இருந்த பொத்தானை அழுத்தினார். காரணம் என்ற கட்டத்தில் ஒரு விரலால் தேடித்தேடி ‘குடும்ப மானம்’ என்று அடித்தார்.

அடுத்து ரோஸ்லினைத் தொலைபேசியில் பிடித்தார்.

“என்னைச் சரியா எடுக்கல நீங்க. அவன் வேற ஆளு.”

“என்னங்க ஐயா பண்ணுதாரு?”

அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. “வளையுதான்,” என்றார்.

“நீங்க பேட்டியில சொன்னதுதாங்க ஐயா அவரு. ‘பிள்ளைக்குன்னா என்னதும் செய்வேன்’னு பதினேழு இடத்துல சொல்லியிருக்கீங்க.”

“அது ஒரு பேச்சுக்குச் சொன்னது.”

“மெஷினுக்கு அது தெரியாதுல்லா ஐயா.”

இரண்டாம் ஓட்டத்தில் அவர் உஷாராக இருந்தார். இயந்திரத்து மனிதர்களுக்கு ஒரு வரி செய்தி அனுப்பும் வசதி இருந்தது. இயந்திரத்து ஆவுடையப்பன் வேட்டியை எடுத்ததும் இவர் ‘போகாதே’ என்று அடித்து அனுப்பினார். அந்த ஆள் தன் கைபேசியை எட்டப் பிடித்து வாசித்தார். “எவம்லே அவன், எனக்குப் புத்தி சொல்லுதவன்?” என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். இவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பார் என்பது இவருக்கே தெரியும். குடும்ப மானம் என்று மறுபடியும் அடித்தார்.

மூன்றாம் ஓட்டத்தில் நேரம் தப்பிவிட்டது. ஒரு நாள் முழுக்க மின்சாரம் இல்லை. மறுநாள் அவர் திரையைத் திறந்தபோது அங்கே ஆஸ்பத்திரி வராந்தா. இயந்திரத்து ஆவுடையப்பனின் கையில் ஒரு பெண்குழந்தை. நெற்றி முழுக்க மயிர். அவருடைய தங்கை பிறந்தபோது அவளுக்கு இருந்த அதே நெற்றி. செண்பகவல்லி கட்டிலில் சாய்ந்தபடி பெயர் சொன்னாள். அந்த ஆள் குழந்தையின் காதில் அதை மூன்று தடவை சொல்லிவிட்டு, “உலகு, இன்னைக்கே நம்பியப் பாத்துப் பேசிருதேன். இதை நாளைக்கு நாளைக்குன்னு தள்ளக் கூடாது. நாளைக்கு நேரம் இருக்குமோ, என்னமோ,” என்றார்.

ஆவுடையப்பன் பொத்தானின்மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். குழந்தை கொட்டாவி விட்டது. அந்த ஆள் குழந்தையைக் கொடுத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

அது வெறும் மின்சாரம், கப்பலில் எரிகிற விளக்கு போல என்று அவர் தன்னிடமே சொல்லிக்கொண்டார். அழுத்தினார். அன்று மத்தியானம் உலகம்மாள் சோற்றைப் போட்டுவிட்டு, “ஏங்க, உடம்புக்கு என்ன?” என்று கேட்டாள். வெயில் என்றார்.

சில காலைகளில் அவர் ஒன்றும் செய்யாமலே இயந்திரம் கல்யாண நாளுக்குத் திரும்பியிருந்தது. பழுது என்று நினைத்தார். புகார் சொல்லவில்லை, தன் கையால் செய்யாதவரை அது தன் பாவம் இல்லை.

நாற்பதாம் நாளில் அந்தத் தகராறு வந்தது. புது ஓட்டம் தொடங்கிய காலையிலேயே திரை திடுமென இருண்டு, ‘வேறொருவர் உள்ளே வந்திருப்பதால் நீங்கள் வெளியேற்றப்பட்டீர்கள்’ என்று எழுத்து வந்தது. ஆவுடையப்பன் அதை இரண்டு தடவை வாசித்தார். இலை போட்டபின் எழுப்பியவன் இங்கேயும் எழுப்புகிறான். உடனே மறுபடி நுழைந்தார். நம்பிராஜன் வெளியே போனார். நம்பிராஜன் நுழைந்தார், இவர் வெளியே வந்தார். ஒரு மணி நேரத்தில் இருவரும் ஒருவரையொருவர் நாற்பத்தெட்டு தடவை எழுப்பினார்கள். உலகம்மாள் கொண்டுவந்து வைத்த காபி ஆடை கட்டிப்போயிற்று.

ரோஸ்லின் கூப்பிட்டாள். “ஐயா, வீட்டுல சின்னப் பிள்ளைங்க யாராவது கம்ப்யூட்டரைப் போட்டுத் தட்டுதாங்களா?”

“சின்னப் பயதான் தட்டுதான். அந்த வீட்டுல.”

“ரெண்டு பக்கமும் பூட்டு விழுந்திருச்சுங்க. இனி பதினாலு நாளைக்கு யாரும் உள்ள போக முடியாது. மெஷின் அது பாட்டுக்கு ஓடும்.”

அந்தப் பதினாலு நாளும் ஆவுடையப்பன் தினமும் சட்டை போட்டுக்கொண்டு, இருண்ட திரைக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தார்.

பதினைந்தாம் நாள் காலை ஆறு மணிக்குத் திரை திறந்தது. இயந்திரத்துக் கூடத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. ஏதோ விசேஷம். இரண்டு கிழவர்கள் பக்கத்துப் பக்கத்து இலையில். இயந்திரத்து நம்பிராஜன் தன் இலையிலிருந்த அப்பளத்தை நொறுக்கி ஒரு துண்டைக் குழந்தையிடம் நீட்டினார். குழந்தை நடந்துவந்து அதை வாங்கி, நேரே இயந்திரத்து ஆவுடையப்பனின் வாயில் திணித்தது. அந்த ஆள் முதுகு வளைந்து, குனிந்து, வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஆளும் சிரித்தார். சாம்பார் மேல்துண்டில் சிந்தியது.

இப்படி ஒரு காட்சியை அந்த வீட்டிலிருந்தும் பார்ப்பார்களே என்பது ஒன்றுதான் அப்போது அவருக்குத் தோன்றியது. கை தானாகப் போயிற்று.

மிச்ச நாட்களும் அப்படியே கழிந்தன. தொண்ணூறாவது நாளில்தான் முதலில் சொன்ன ஆறு பேரும் அந்தக் கூடத்தில் கூடினார்கள்.

ரோஸ்லின் அறிக்கையைப் பிரித்தாள். அவள் முகம் சரியில்லை.

“சான்றிதழ் தர முடியலைங்க. ஒரு ஓட்டமும் மூணு வருஷத்தைத் தொடல.”

செந்தூரன் செண்பகவல்லியைப் பார்த்தான். “சண்டையா? பிரிஞ்சிட்டோமா?”

“ஒரு தடவைகூடப் பிரியலைங்க. மெஷினைத் திருப்பியிருக்காங்க. பன்னெண்டு தடவை.”

“யாரு?” என்றாள் செண்பகவல்லி.

ரோஸ்லின் தயங்கினாள். விதிப்படி கேட்டால் சொல்லவேண்டும். “இந்த வீட்டுல இருந்து ஏழு. அந்த வீட்டுல இருந்து அஞ்சு. காரணம் போட்டிருக்கு. இங்க இருந்து போனதுல ‘குடும்ப மானம்’. அங்க இருந்து போனதுலயும்…” அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். “குடும்ப மானம்.”

ஆவுடையப்பன் ஒன்பது வருஷத்தில் முதல்தடவையாக நம்பிராஜனைத் திரும்பிப் பார்த்தார். நம்பிராஜன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதுகள் சிவந்திருந்தன.

“எப்பா, நீங்க எதுக்குத் திருப்புனிய?” என்று செந்தூரன் கேட்டான்.

நம்பிராஜன் தொண்டையைச் செருமினார். “அந்த மெஷின்ல இருக்கவன் வெத்தல பாக்குத் தட்டோட இங்க கிளம்புனான்டே. பந்தியில எழுப்புனதுக்கு மன்னிப்புக் கேக்கணுமாம். அஞ்சு தடவையும் கிளம்புனான். வெக்கங்கெட்டவன்.”

பழுது என்று தான் நினைத்திருந்த காலைகள் எவை என்று ஆவுடையப்பனுக்கு விளங்கியது. எதிராளி மன்னிப்புக் கேட்க வந்துகொண்டிருந்த ஐந்து தடவையும் அவர் பார்க்கமுடியாமல் போயிருக்கிறது. இவர் போனதை அவரும் பார்க்கவில்லை. இருவரும் அவ்வளவு கவனமாகக் காவல் காத்திருக்கிறார்கள்.

“நடுவுல பதினாலு நாளு ரெண்டு பேருமே உள்ள இல்ல,” என்றாள் ரோஸ்லின். “இருக்கதுலயே அதுதான் நீளமான ஓட்டம். ரெண்டு வருஷம் நாலு மாசம். சம்பந்திங்க சந்திச்சது நூத்துப் பதினொரு தடவை. குழந்தை ஒண்ணு, பொண்ணு. அது காலையில ஆறு மணி பன்னெண்டு நிமிஷத்துக்குத் திருப்பப்பட்டிருக்கு.” எந்த வீட்டிலிருந்து என்று அவள் வாசிக்கவில்லை. வாசிக்கவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. உலகம்மாள் தன் புருஷன் எத்தனை மணிக்குச் சட்டை போடுகிறார் என்பதை அறிந்தவள்.

“பேத்தி இருந்தாளா?” என்றாள் உலகம்மாள். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, கண்ணுலகூடக் காட்டாம?”

“அது மெஷினு, உலகு.”

“அப்ப எதுக்கு நீங்க மூணு நாளு சோறு திங்கல?”

ஆவுடையப்பன் மறுபடியும் மின்விசிறியைப் பார்த்தார்.

“என்ன பேரு வச்சிருந்தோம்?” என்று செண்பகவல்லி ரோஸ்லினிடம் கேட்டாள்.

“பதிவுல பேரு வராதுங்க.”

“பூரணி,” என்றார் நம்பிராஜன், தரையைப் பார்த்தபடியே.

“பூரணவல்லி,” என்றார் ஆவுடையப்பன். “கூப்பிடுததுதான் பூரணி.”

அவர்கள் இருவரும் ஒன்பது வருஷத்துக்குப் பிறகு பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள் அவை. பிழை திருத்தத்தில்தான் தொடங்கின.

“ஆஸ்பத்திரி அட்டையில பூரணின்னுதான் போட்டிருந்தது. நான் பாத்தேன்.”

“நீரு பாத்தது வேற ஓட்டம். காதுல பேரு சொல்லும்போது நான் பாத்துக்கிட்டு இருந்தேன்வே.”

“நெத்தி நிறைய மயிரு?”

“நெத்தி நிறைய.”

“அப்ப ரெண்டும் ஒரே பிள்ளைதான்,” என்றார் நம்பிராஜன்.

செந்தூரன் சிரிப்பதா என்று தெரியாமல் செண்பகவல்லியைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள். முதுகு நேராக இருந்தது.

“மூணு வருஷத்தைத் தொடலன்னா விலகிக்கிடுதோம்னு சொன்னோம். தொடல. சொன்ன சொல்லு சொல்லுதான். வியாழக்கிழமை எனக்கு விமானம்.”

“செண்பா, அவங்கதானே திருப்புனாங்க?” என்றான் செந்தூரன்.

“ஆமா. நாம நல்லா இருந்த பன்னெண்டு தடவையும் அவுகளுக்குப் பொறுக்கல. பதிமூணாவதா நிஜத்துல செஞ்சா மட்டும் பொறுக்கும்னு எதை வச்சு நம்ப?” அவள் அப்பாவிடம் திரும்பினாள். “நீங்கதானப்பா கேட்டிய, சொல்லு மாறமாட்டியேன்னு?”

மகள் தன் வீட்டு வழக்கப்படிதான் நடக்கிறாள். அதில் ஆவுடையப்பனால் ஒரு குற்றமும் காண முடியவில்லை.

நம்பிராஜன் ரோஸ்லின் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, காபி குடிக்காமல் மகனோடு போனார். ரோஸ்லின் ஆவுடையப்பனிடமும் கையெழுத்து வாங்கி இயந்திரத்தை நிரந்தரமாக நிறுத்தினாள். திரையில் கல்யாண நாள் கூட்டம் ஒரு கணம் தெரிந்தது, அதன்பின் தெரியவில்லை.

அது செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை விமானம் செண்பகவல்லி இல்லாமல் பறந்தது. ஆவணியில் கல்யாணம். பந்தியை நம்பிராஜன் நடத்தவில்லை. முதல் பந்தியில் ஆவுடையப்பனுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார். இருவரும் ரசத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள்.

இடையில் புதன்கிழமை என்ன நடந்தது என்பதைப் பற்றி ஆவுடையப்பனின் சொந்தக்காரர்கள் ஊரில் ஒன்று சொல்லிவருகிறார்கள். விடிந்ததும் நம்பிராஜன் வெற்றிலை பாக்கோடு வந்து வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டாராம். ஆவுடையப்பன் பெரிய மனது பண்ணி அவரை உள்ளே அழைத்தாராம். அதைப் பார்த்துத்தான் பெண் மனம் மாறினாளாம். இதைச் சொல்பவர்கள் குடும்பத்தின் பேரைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொல்கிறார்கள்.

நம்பிராஜன் வரவில்லை. ஆவுடையப்பன்தான் போனார்.